அறிதல், ஆக்கல், பிழைத்தல்

1

நம் பத்திரிகைகளில் விஞ்ஞானம் பற்றிப் பேச்சு வருவதே அபூர்வம். வந்தால் இரண்டு வேஷங்களில் வரும். கவிதையில் ஒரு படிமமாக வரும்; அணுவும் நட்சத்திரமும் நுண்ணோக்கியும் நமக்குச் சௌகரியமான உருவகங்கள். கட்டுரையில் ஒரு குற்றவாளியாக வரும். மனிதனைத் தன்னிடமிருந்தே அந்நியமாக்கியது என்ற குற்றச்சாட்டுடன். இரண்டிலும் விஞ்ஞானம் செய்கிற ஆள் இல்லை. காலையில் எழுந்து மின்சார ரயில் பிடித்து, ஒரு பரிசோதனைக்கூடத்துக்குப் போய், எட்டாவது தடவையாகச் சரிவராத ஒன்றை ஒன்பதாவது தடவை செய்து பார்த்துவிட்டுத் திரும்புகிற ஒருவன் நம் எழுத்தில் இடம் பெற்றதாக எனக்கு ஞாபகமில்லை.

இந்தக் கட்டுரை அவனைப் பற்றியது. இன்னும் குறிப்பாக, அவன் உள்ளே போவதற்கு முன்னால் நிற்கிற இடத்தைப் பற்றியது. நானோ தொழில்நுட்பம், செயற்கை உயிரியல் என்று இரண்டு துறைகள். இருபத்திரண்டு வயதில் ஒருவன் அல்லது ஒருத்தி இவற்றுள் நுழையலாமா என்று கேட்கும்போது, அதைக் 'கேரியர்' பற்றிய கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்லப் பலர் இருக்கிறார்கள். கேரியர் என்பது நம்மிடையே முதலில் சைக்கிளின் பின்னால் இருப்பது. பிறகு சோறு கொண்டுபோவது. மூன்றாவது அர்த்தம் பின்னால் வந்து முன்னிரண்டையும் விழுங்கிவிட்டது. ஆனால் சுமை, சோறு என்ற இரண்டு ஞாபகங்களும் அந்தச் சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது நல்லதே. எதைச் சுமக்கப் போகிறாய், எதைச் சாப்பிடப் போகிறாய் என்று அது கேட்கிறது. நான் இங்கே எடுத்துக்கொள்வது முதல் கேள்வி. இரண்டாவதை விட்டுவிட்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பது போகப் போகத் தெரியும்.

கேள்வியை இப்படி வைத்துக்கொள்ளலாம். ஒருவன் ஆக்குகிற பொருள் என்ன செய்யும் என்பது அவனுக்கே முழுக்கத் தெரியாது என்றால், அதை ஆக்கியதற்கு அவன் எவ்வளவு தூரம் பொறுப்பாளி?

2

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு. டி.என்.ஏ. இழையின் குறுக்களவு ஏறக்குறைய 2 நானோமீட்டர். ஒரு தலைமயிரின் தடிமன் 80,000 நானோமீட்டர் அளவில் இருக்கும். இந்தச் சிறுமை மட்டும் இருந்தால் விசேஷமில்லை. அந்த அளவுக்குச் சுருங்கும்போது பொருளின் குணம் மாறிவிடுகிறது என்பதுதான் விஷயம். தங்கம் சிவப்பாகிறது. மந்தமான உலோகம் சுறுசுறுப்பாகிறது. கனத்தோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு மிகப் பெரிதாகிவிடுவதால், எதனுடனும் சேர்ந்து வினைபுரியத் தயாராக நிற்கிறது. அணுக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் சாத்தியத்தைப் பற்றி ரிச்சர்ட் ஃபெய்ன்மன் 1959 டிசம்பரில் கலிபோர்னியாவில் பேசினார். துறைக்குப் பெயர் வந்தது 1974-இல், நோரியோ தானிகுச்சி என்ற ஜப்பானியரிடமிருந்து. இந்திய அரசு 2007-இல் ஐந்து ஆண்டுகளுக்கு 1000 கோடி ரூபாய் ஒதுக்கி 'நானோ மிஷன்' தொடங்கியது.

செயற்கை உயிரியலின் வம்சாவளி நமக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. ஹர் கோபிந்த் கொரானா 1949-இல் இந்தியா திரும்பி வேலை தேடினார், கிடைக்கவில்லை, கேம்பிரிட்ஜுக்குப் போய்விட்டார். 1968-இல் நோபல் பரிசு. 1970-இல், ஈஸ்டின் ஒரு சின்ன மரபணுவை, 77 ஜோடி எழுத்துகளை, ரசாயனப் புட்டிகளிலிருந்து கூட்டிக் கட்டியதாக அறிவித்தார். நாற்பது வருஷம் கழித்து, 2010-இல், கிரெய்க் வென்டரின் குழு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட ஒரு பாக்டீரியாவின் முழு மரபுத் தொகுதியையும் செயற்கையாக எழுதி, அதைக் கொண்டு ஒரு செல்லை ஓட வைத்தது. 77 எழுத்தில் ஆரம்பித்தது ஒரு மனிதனின் ஆயுளுக்குள் ஓர் உயிரின் முழு நூலாகிவிட்டது. இந்தியாவில் மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் 'பயோ ஈ3' என்ற கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. உயிர்களைக் கொண்டு உற்பத்தி செய்வது இப்போது அரசாங்கத்தின் தொழில் திட்டம்.

நம் புறநகரிலேயே இதற்கான கதவுகள் இருக்கின்றன. கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நானோ விஞ்ஞான மையம். காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். இந்தத் துறைக்கென்றே தனியாக பி.டெக். நடத்தியிருக்கிறது. ஐ.ஐ.டி. மாணவர்கள் உயிர்களை வடிவமைக்கும் சர்வதேசப் போட்டிக்குப் போய்வருகிறார்கள். தாம்பரத்திலிருந்து இரண்டு திசையிலும் அரை மணி நேர தூரத்துக்குள் இவை எல்லாம் இருக்கின்றன.

3

தாம்பரம் – கடற்கரை மின்சார ரயில் 1931-இலிருந்து ஓடுகிறது. அந்தத் தடத்தில் தாம்பரத்துக்கு இரண்டு நிலையம் தள்ளிக் குரோம்பேட்டை. ஒரு ரசாயனத் தனிமத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர்கள் உலகத்தில் மிகச் சில இருக்கலாம். நம் தடத்தில் ஒன்று இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னை மாகாணத்தில் குரோமியம் கொண்டு தோல் பதனிடும் முறையைப் பரப்பினார். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறிக்கிடந்த தோல், குரோமிய உப்பில் ஒன்றிரண்டு நாளில் பதமாயிற்று. சேம்பர்ஸ் என்பவர் குரோம் லெதர் கம்பெனியை இங்கே நிறுவினார். கம்பெனியைச் சுற்றி ஊர் வந்தது. அன்றைக்கு அது நவீனத் தொழில்நுட்பம். அன்றைக்கு அதில் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு எதிர்காலம் உண்டு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

குரோமியம் தோலில் என்ன செய்கிறது? தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். குரோமியம் அதன் இழைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறது. இந்தக் கொலாஜன் இழையின் உருவம் என்ன என்று குரோம்பேட்டைக்காரர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆக்கல் முன்னால் போய்விட்டது. அறிதல் பின்னால் வந்தது.

அறிதல் வந்த இடமும் அதே தடத்தில்தான். 1952-இல் ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு பௌதிகப் பேராசிரியராக வந்தபோது அவருக்கு முப்பது வயது. அந்த வருஷம் இங்கே வந்திருந்த ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். 1948-இல் ஆரம்பிக்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில் அடையாற்றிலேயே இருந்தது. கொலாஜன் மாதிரி முதலில் அங்கிருந்து வந்தது. பிறகு கங்காருவின் வால் தசைநாண். 1954-இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட வடிவத்தை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள்.

இதற்குப் பின் நடந்ததுதான் என் விஷயத்துக்கு முக்கியம். அலெக்ஸாண்டர் ரிச்சும் பிரான்ஸிஸ் கிரிக்கும் 1955-இல் ஓர் ஆட்சேபம் எழுப்பினார்கள்: சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருக்கின்றன, இவ்வளவு நெருங்க முடியாது என்று. ராமச்சந்திரன் இந்த ஆட்சேபத்தை வைத்துக்கொண்டு ஒரு அடிப்படைக் கேள்விக்குப் போனார். எவ்வளவு நெருங்கலாம்? ஏற்கெனவே தெரிந்த அமைப்புகளை எல்லாம் எடுத்து, எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு கிட்டத்தில் வர முடியும் என்று கணக்கெடுத்தார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடிய கோணங்கள் இரண்டு. அந்த இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, எந்தச் சேர்க்கை சாத்தியம், எது அசாத்தியம் என்று கோடு போட்டார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963-இல் வெளியிட்ட அந்தப் படம்தான் ராமச்சந்திரன் வரைபடம். இன்றைக்கு உலகத்தில் எந்தப் புரதத்தின் அமைப்பை யார் கண்டுபிடித்தாலும், கம்ப்யூட்டரில் புதிதாக யார் வடிவமைத்தாலும், அந்தப் படத்தில் வைத்துப் பார்க்காமல் விடுவதில்லை. புரதங்களைக் கணக்கால் வடிவமைத்ததற்காகவும் அவற்றின் அமைப்பைக் கணித்ததற்காகவும் 2024-இல் ரசாயன நோபல் கொடுத்தார்கள். அந்த வேலைக்கு அடியில் கிண்டியில் போட்ட கோடு கிடக்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதில் பெரும்பகுதி வெற்றிடம். புரதம் போக முடியாத இடங்கள். அனுமதிக்கப்பட்ட இடங்கள் சின்னச் சின்னத் தீவுகள். முடியாதவற்றை எல்லாம் திட்டவட்டமாகச் சொன்னதால்தான் முடிகிறவை தெரிந்தன. ஒரு பழுது சுட்டிக்காட்டப்பட்டு, அந்தப் பழுது ஏன் பழுது என்று எட்டு வருஷம் யோசித்ததன் விளைவு அது. இந்த எட்டு வருஷத்துக்கு இன்றைய 'கேரியர்' கணக்கில் என்ன பெயர் வைப்பார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

4

ராமச்சந்திரனிடம் போய் உங்கள் படத்துக்கு நீங்கள் பொறுப்பா என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு அர்த்தமில்லை. இருப்பதை அவர் சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் அது அப்படித்தான் இருந்திருக்கும். அறிகிறவனுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் நாம் பேசுகிற துறைகளில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே அறிதலே ஆக்கலின் வழியாக நடக்கிறது. ஒரு துகளின் குணம் என்ன என்று தெரிய வேண்டுமானால் அந்தத் துகளைச் செய்தாக வேண்டும். ஒரு மரபணுச் சுற்று எப்படி இயங்கும் என்று தெரிய வேண்டுமானால் அதைக் கட்டி ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்தாக வேண்டும். 'நான் தெரிந்துகொள்ளத்தான் செய்தேன்' என்று சொல்லும்போதே செய்த பொருள் பாத்திரத்தில் இருக்கிறது. முன்பு உலகத்தில் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது. அது இருப்பதற்குக் காரணம் நீ.

இதைச் சட்டம் நம்மைவிட முன்னால் புரிந்துகொண்டது. ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, வங்காளத்துக்காரர், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்தவர், கச்சா எண்ணெயைத் தின்கிற ஒரு பாக்டீரியாவை உருவாக்கி 1972-இல் அதற்கு பேடன்ட் கேட்டார். உயிருள்ளதற்கு பேடன்ட் கிடையாது என்று மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1980 ஜூனில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. மனிதன் ஆக்கியது என்றால் அது மனிதனுடையது. உயிர் இருக்கிறதா இல்லையா என்பது பிரச்னை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். அந்தப் பாக்டீரியா கடைசிவரை எந்த எண்ணெய்க் கசிவையும் தின்னப் போகவில்லை. தீர்ப்புதான் ஊரெல்லாம் போயிற்று.

இதில் ஒரு கோணல் இருக்கிறது. ஆக்கியவனுக்குச் சொத்துரிமை உண்டு என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே தீர்த்துவிட்டோம். ஆக்கியவனுக்குப் பொறுப்பு எவ்வளவு என்பது இன்னும் கருத்தரங்குகளில் இருக்கிறது. உரிமையும் பொறுப்பும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கிறவை; 'நான் ஆக்கினேன்' என்பதே அந்தக் காரணம். ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை மேஜையில் விட்டுவிட்டு வர முடியுமா?

5

இங்கே நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் பெரும்பாலோர் எழுத்தை வைத்துப் பிழைக்கவில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறோம். பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்தார். சுந்தர ராமசாமிக்கு ஜவுளிக் கடை இருந்தது. அசோகமித்திரன் பல வருஷங்கள் ஜெமினி ஸ்டுடியோவில் சம்பளம் வாங்கினார். செல்லப்பா 'எழுத்து'வை 1959-இலிருந்து 1970 வரை எப்படி நடத்தினார் என்பது எல்லோருக்கும் தெரியும். பகலில் யாருக்கோ வேலை, இரவில் தனக்கு என்ற இந்த ஏற்பாட்டில் ஒரு சுதந்திரம் இருக்கிறது. எனக்கு மாதச் சம்பளம் தருகிற வங்கி நான் எழுதும் விமர்சனத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. என் விமர்சனம் வங்கியின் லாப நஷ்டத்தைத் தொடுவதில்லை. கௌண்டரில் நான் செய்வதற்கு 'வேலை, செய்தேன்' என்று ஒரு குமாஸ்தாவின் பதில் எனக்கு உண்டு. எழுத்தில் செய்வதற்கு முழுப் பொறுப்பும் எனக்கு உண்டு. இரண்டையும் பிரித்து வைத்திருப்பதால் இரண்டாவதில் யோக்கியமாக இருப்பது சுலபமாகிறது.

விஞ்ஞானிக்கு இந்த ஏற்பாடு சாத்தியமில்லை. பேப்பரும் பேனாவும் வாங்குகிற மாதிரி எலெக்ட்ரான் நுண்ணோக்கி வாங்க முடியாது. பகலில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு இரவில் சேலையூரில் வீட்டு மாடியில் மரபணு கட்ட முடியாது. கட்டினால் அதைவிடப் பயங்கரமான விஷயம் வேறில்லை. அவனுடைய நாட்டமும் சோறும் ஒரே வாசல் வழியாக வருகின்றன. எந்த ஸ்தாபனத்தின் கருவியில் அவன் தன் கேள்வியைக் கேட்கிறானோ, அந்த ஸ்தாபனத்தின் சம்பளப் பட்டியலிலேயே அவன் பெயரும் இருக்கிறது. நம்முடைய சுதந்திரத்தை அளவுகோலாக வைத்து அவனை 'விலைபோனவன்' என்று சொல்வது நமக்குச் சுலபம். அந்தச் சுலபம் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது.

அந்தச் சோறு எவ்வளவு என்று பார்ப்போம். மத்திய அரசின் ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை, முதல் இரண்டு வருஷங்களுக்கு, 2019-இல் மாதம் 31,000 ரூபாய் ஆயிற்று. 2023 ஜனவரி முதல் 37,000. அதற்கு அடுத்த கட்டத்தில் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. இது கிடைப்பது தேசியத் தேர்வில் ஜெயித்தவர்களுக்கு. எல்லோருக்கும் கிடைப்பதில்லை. தொகையைவிட முக்கியமானது, அது ஐந்து வருஷத்துக்குக் கணக்கிடப்பட்டது என்பது. பரிசோதனைகள் ஐந்து வருஷத்தில் முடிந்துவிடுவதாக ஒப்புக்கொள்வதில்லை.

வங்கி கௌண்டரின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு இன்னொரு கணக்கும் தெரியும். கல்விக் கடனில், படிப்புக் காலமும் அது முடிந்து ஓராண்டும் தவணை கேட்பதில்லை என்பது பொதுவான விதி. அதன் பிறகு தவணை ஆரம்பம். பி.டெக். முடித்த பையன் உடனே சம்பாதிப்பான் என்ற அனுமானத்தின் மேல் கட்டிய விதி இது. மனுவில் படிப்பின் பெயரை எழுதுகிற இடத்தில் 'நானோ' என்று எழுதிவிட்டு, இதுக்கு வேலை கிடைக்குமா சார் என்று கேட்கிற தகப்பனாருக்கு நேர்மையான பதில், 'இன்னும் ஏழெட்டு வருஷம் படித்தால்' என்பது. மேற்கொண்டு எம்.எஸ்ஸி. அல்லது எம்.டெக்., பிறகு பி.எச்டி., பிறகு வெளிநாட்டில் ஓர் இரண்டு வருஷம். அந்தக் காலக் கணக்கு ஓராண்டுச் சலுகைக்குள் அடங்காது. ஆகவே கடன் வாங்கிப் படித்தவர்களில் பலர் வழியிலேயே இறங்கிக்கொண்டு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போகிறார்கள். கடைசிவரை போகிறவர்கள் யார்? அப்பாவின் சம்பளம் தாங்குகிறவர்கள். எதை ஆக்கலாம், எதை ஆக்கக்கூடாது என்று நாளைக்குத் தீர்மானிக்கப் போகிற சிறு கூட்டம், இன்றைக்கே தவணை அட்டவணையால் சலிக்கப்பட்டுவிடுகிறது.

தமிழில் பிழைப்பு என்ற சொல்லுக்குள்ளேயே பிழையும் இருக்கிறது. பரிசோதனைக்கூடத்தில் பிழை என்பது தகவல். இந்த வழியாகப் போனால் வராது என்று நாணயமாகச் சொல்வது அடுத்தவனுக்கு மூன்று வருஷத்தை மிச்சப்படுத்தும். ஆனால் வராததைப் பற்றிய கட்டுரைக்கு மதிப்பில்லை. வந்ததாகச் சொல்கிற கட்டுரைக்குத்தான் அடுத்த உத்தியோகம். இருபத்தெட்டு வயது, முடியப்போகிற உதவித்தொகை, வீட்டில் கல்யாணப் பேச்சு. இவற்றுக்கு நடுவே நின்று 'என் முடிவு தப்பு' என்று எழுதித் தருகிற மாணவனை நாம் எதிர்பார்க்கிறோம். கிண்டியில் பேராசிரியர் நாற்காலி இருந்தவருக்கு ஓர் ஆட்சேபத்தின் மேல் எட்டு வருஷம் உட்கார முடிந்தது. இவனுக்கு எட்டு மாதம் கிடைக்குமா?

6

பயன் என்று ஒரு பதில் இருக்கிறது. அதை நான் அலட்சியமாகப் பேசப் போவதில்லை. புறநகர்வாசி யாரும் தண்ணீர் விஷயத்தில் அலட்சியமாக இருக்க முடியாது.

ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப் குழு, சில உலோகங்களின் நானோ துகள்கள் குளோரின் கலந்த கரிமப் பொருள்களைச் சிதைக்கின்றன என்று 2003-இல் எழுதியது. அதே வருஷம்தான் பாட்டில் தண்ணீரிலும் குளிர்பானங்களிலும் பூச்சிமருந்து இருப்பதாக டில்லியிலிருந்து அறிக்கை வந்து நாடு முழுவதும் பேச்சாயிற்று. எண்டோசல்ஃபான், குளோர்பைரிஃபாஸ் போன்றவற்றைத் தண்ணீரிலிருந்து பிடிக்கும் வெள்ளித் துகள் வடிகட்டி 2007-இல் யுரேகா ஃபோர்ப்ஸ் மூலம் கடைக்கு வந்தது. பிறகு அதே குழு, இறால் நண்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானையும் இரும்புச் சேர்மத்தையும் கொண்டு ஆர்ஸெனிக்கைப் பிடிக்கும் பொருள் ஒன்றைச் சாதாரண வெப்பநிலையில், தண்ணீரிலேயே, தயாரித்தது. வங்காளத்தில் ஆர்ஸெனிக் கலந்த கிணற்று நீரைக் குடிக்கிற கிராமங்களுக்கு அது போயிற்று. இந்த வேலையைப் பற்றித் தெரிந்த பிறகும் விஞ்ஞானம் மனிதனை அந்நியமாக்குகிறது என்று பொத்தாம்பொதுவாக எழுத எனக்குக் கை வராது.

இருந்தும், பயன் ஒரு பதில்தான், கேள்வி தீர்ந்துவிடுவதில்லை. வெள்ளித் துகள் கிருமியைக் கொல்லும் என்பதால் துணியிலும் காலுறையிலும் போடுகிறார்கள். துவைத்தால் சாக்கடைக்குப் போகிறது. சாக்கடையைச் சுத்தம் செய்வதும் கிருமிகள்தான். நல்ல கிருமி எது, கெட்ட கிருமி எது என்று வெள்ளிக்குத் தெரியாது. ஆர்ஸெனிக்கைப் பிடித்த வடிகட்டி ஒரு நாள் நிரம்பும். நிரம்பியதை எங்கே கொட்டுவது? செய்தவன் சொல்ல வேண்டிய விஷயம் இது. குரோம்பேட்டையில் கேட்காமல் விட்ட கேள்வியும் இதுவே. தோலில் ஏறியது போக மீதிக் குரோமியம் எங்கே போகும் என்று.

குரோம்பேட்டையில் கேட்காததை வேலூரில் கேட்டார்கள். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவன் செலவு தரவேண்டும் என்றது. அத்துடன், தீங்கு வரும் என்பதற்கு விஞ்ஞான நிரூபணம் முழுமையாக இல்லை என்பதைச் சாக்காகக் காட்டிச் சும்மா இருக்கக்கூடாது என்றது; தன் செயல் தீங்கற்றது என்று நிரூபிக்கும் பாரம் செய்கிறவன் மேல் என்றது. இந்தியச் சட்டத்துக்கு இந்த அறக் கொள்கை நம் ஊர்த் தோலிலிருந்து வந்தது. ஆனால் அதற்குள் ஆறு போய்விட்டது. கொள்கை எப்போதும் ஓர் ஆறு தாமதமாக வருகிறது.

இன்னொரு வகைச் செலவு இருக்கிறது. அதற்கு வழக்குப் போடவும் முடியாது. தென்னார்க்காட்டில் அவுரி பயிரிட்டார்கள். திண்டிவனம் பக்கம் இன்றும் கொஞ்சம் உண்டு. 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இருபது வருஷத்துக்குள் இந்திய அவுரி ஏற்றுமதி சரிந்துபோயிற்று. அவுரித் தோட்டங்களில் துரைமார் செய்த கொடுமையை நினைத்தால் இதில் ஒரு நியாயம்கூடத் தெரியலாம். ஆனால் அந்த ரசாயனி அதற்காகச் செய்யவில்லை. நம் காலத்தில் அதே கதை ஈஸ்டைக் கொண்டு நடந்தது. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிஸினினுக்கு மூலமான அமிலத்தை ஈஸ்டில் உண்டாக்க முடியும் என்று 2006-இல் ஜே கீஸ்லிங் குழு காட்டியது. 2013-இல் சனோஃபி கம்பெனி உற்பத்தி தொடங்கியது. அந்தச் செடியைப் பயிரிட்டவர்கள் சீனாவிலும் வியட்நாமிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இருந்த சிறு விவசாயிகள். கடைசியில் செடியின் விலை விழுந்து, ஈஸ்ட் மருந்தால் போட்டி போட முடியாமல், தொழிற்சாலை கைமாறியது. விவசாயி பிழைத்தது அதிர்ஷ்டத்தால். யாரும் அவனைக் கேட்டு எதையும் செய்யவில்லை. மலிவான மருந்து குழந்தைகளைக் காப்பாற்றும் என்பதும் உண்மை. செடி போடுகிறவனின் குழந்தை சாப்பிட வேண்டும் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க யாரால் முடியும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு முள் நேராக நிற்கிறது என்று சொல்லக்கூடாது.

7

ஆக, அறிதல் என்ற அடைக்கலம் இல்லை. குமாஸ்தாவின் பதில் இல்லை. பயன் என்ற பதில் பாதி வழிக்கு மேல் வருவதில்லை. அப்படியானால் விலகி நிற்பதுதான் ஒழுங்கா? நம்மில் சிலர் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு எதிராக எனக்கு ஓர் உதாரணம் இருக்கிறது.

புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள் வலக்கை இடக்கை போல இரண்டு வடிவங்களில் இருக்க முடியும். பூமியில் உள்ள உயிர்கள் புரதம் கட்டுவது இடக்கை வடிவத்தை வைத்து. ராமச்சந்திரன் வரைபடத்தின் தீவுகள் இந்த இடக்கை வடிவத்துக்கானவை. வலக்கை வடிவத்துக்குப் படம் போட்டால் தீவுகள் அப்படியே எதிர்மூலைக்கு மாறும், பரப்பளவு மாறாது. அதாவது, பௌதிகத்துக்கு இரண்டும் ஒன்றுதான். எல்லா மூலக்கூறுகளும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பப்பட்ட ஒரு பாக்டீரியாவை இயற்கை தடுக்கவில்லை. இன்னும் யாரும் செய்யவில்லை; அவ்வளவுதான். செய்ய முடியுமா என்று கொஞ்ச காலமாகச் சிலர் அதை நோக்கி வேலை செய்துகொண்டிருந்தார்கள். அது அழகான கேள்வி. இளம் ஆராய்ச்சியாளன் ஒருவனின் ஆயுளை நிரப்பக்கூடிய கேள்வி.

2024 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் 38 விஞ்ஞானிகள் சேர்ந்து எழுதினார்கள்: அதைச் செய்ய வேண்டாம். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் வடிவத்தைத் தொட்டுப் பார்த்து எதிரியை அடையாளம் காண்கிறது. திருப்பிப் போட்ட உயிரை அது காணாமல் விட்டுவிடக்கூடும். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களுக்கும் அது பிடிபடாது. ஒருமுறை வெளியே போய்ப் பெருகினால் திரும்ப அழைக்க முடியாது. கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் முன்பு அதே பாதையில் நடந்தவர்கள். தாங்கள் தேடிக்கொண்டிருந்ததைத் தேட வேண்டாம் என்று தாங்களே சொன்னார்கள்.

ராமச்சந்திரனின் படத்தில் தடுக்கப்பட்ட இடங்களை அணுக்கள் தடுத்தன. இங்கே அணுக்கள் ஆட்சேபம் சொல்லவில்லை. மனிதர்கள் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று வெளியே நிற்கிற நமக்குத் தெரிந்திருக்காது. கவிஞனுக்குத் தெரியாது, நீதிபதிக்குத் தெரியாது, பாதிரியாருக்கும் தெரியாது. இப்படி ஓர் அபாயம் இருக்கிறது என்பதே, உள்ளே போய்ப் பல வருஷம் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரிந்தது. யோக்கியர்கள் எல்லோரும் விலகி நின்றால் 'வேண்டாம்' என்று சொல்லவும் உள்ளே ஆளிருக்காது. ஆகவே விலகி நிற்பதை அறம் என்று ஏற்க என்னால் முடியவில்லை. பெரும்பாலும் அது கை அழுக்காகாமல் பார்த்துக்கொள்ளும் சௌகரியம்.

ஆனால் இந்த உதாரணத்திலும் ஒரு கசப்பு உண்டு. அப்படிக் கையெழுத்துப் போடுவதற்கு ஓர் இடம் வேண்டும். போட்ட மறுநாள் காலையும் சம்பளம் வருகிற இடம். பெயர் சொன்னால் உலகம் கேட்கிற இடம். மாதம் 37,000 ரூபாயில், வழிகாட்டியின் ஒரு கையெழுத்தை நம்பியிருக்கிற மாணவன், தான் செய்கிற துகள் எங்கே போய்ச் சேரும் என்று சந்தேகம் வந்தால், அதை யாரிடம் சொல்வான்? சொன்னால் ஆய்வேடு என்னவாகும்? வேறு தலைப்புக்கு மாற இன்னும் இரண்டு வருஷம் யார் தருவார்கள்? அறிவு அவனிடம் இருக்கிறது, கை அவனுடையது, பரிசோதனைக்கூடத்தில் நள்ளிரவில் இருப்பவன் அவன்தான். அதிகாரம் மட்டும் வேறு இடத்தில் இருக்கிறது. பொறுப்பை அவன் தலையில் ஏற்றிவிட்டு அதிகாரத்தை வேறு நாற்காலியில் வைத்திருப்பதை அறம் என்று பேசுவது அநியாயம்.

ஆகவே உள்ளே போகலாமா என்று கேட்கிறவனுக்கு என் பதில், போகலாம் என்பது. போவதற்கு முன் விசாரிக்க வேண்டியவை சில உண்டு. சம்பளம், வெளிநாட்டு வாய்ப்பு, கருவிகள் எல்லாம் அவன் கேட்காமலே யாராவது சொல்லிவிடுவார்கள். அவன் தானாகக் கேட்க வேண்டியது இதை: இந்தப் பரிசோதனைக்கூடத்தில் சரிவராத முடிவை என்ன செய்கிறார்கள்? ஆக்கிய பொருள் தீர்ந்த பிறகு எங்கே போகிறது என்று யாருக்காவது தெரியுமா? இங்கே கடைசியாக 'இது வேண்டாம்' என்று சொன்ன மாணவன் யார், அவன் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறான்? மூன்றாவது கேள்விக்கு அங்கே இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், அவன் வேறு கூடத்தைத் தேடட்டும்.

அப்படி ஒரு கூடமும் இல்லை என்றால், அது அவனுடைய பிரச்னையாக மட்டும் இருக்க முடியாது. அங்கே ஆக்கப்படும் பொருள் தண்ணீர் வழியாகவும் துணி வழியாகவும் மருந்து வழியாகவும் நம்மிடம்தான் வந்து சேரப்போகிறது.